பந்து நிற்கும் நேரம்

பந்து ஓடிக்கொண்டிருக்கும்வரை
எங்களை ஒருத்தரும் அசைக்க ஏலாது.
மல்லாவிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்,
மாங்குளத்தாரைக் கேளுங்கள்.
ஓட்டத்தில் ஒட்டுசுட்டான் பெடியள்
வேலி பிய்த்த காட்டுப்பன்றிக் கூட்டம்.

விசில் ஊதி,
ஒருவன் பந்தைத் தூக்கிப்போய்
மூலைக் கொடிக்குக் கீழே
முட்டை வைப்பதுபோல் வைத்தால்தான்
வயிற்றைக் கலக்கும்.

இந்த சீசனில் வாங்கினது பதினொரு கோல்.
அதில் ஒன்பது, நின்ற பந்து.
கணக்கு என்னுடையது.
கிட்டக் கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி
ஒன்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

கச்சான் வீசினால் இன்னும் மோசம்.
வெளியே போகிறது என்று கை விட்ட பந்து
கடைசி நேரத்தில் மனம் மாறி
உள்ளே திரும்பும்.
கீப்பர் டெனிஸ்ரன் "என்ர!" என்பான்,
அடுத்த மூச்சில் "அடியடா!" என்பான்.
எதைக் கேட்பது?

பிறீ கிக் என்றால் மதில்.
மதிலுக்கு வினோகரன்தான் பொறுப்பு,
மேசன், வீட்டுத்திட்டத்தில்
நாற்பது வீடு எழுப்பின கை.
நூல் பிடித்ததுபோல் ஐந்து பேரை நிறுத்துவான்.
அடிக்கிற நேரம் ஐவரும் துள்ள
காலுக்குக் கீழால் போகும் பந்து.
"அத்திவாரம் போடேல்லையோ?"
வெளியிலிருந்து ஒரு குரல்.
வினோகரன் அன்று முழுக்க ஒருத்தரோடும் கதைக்கவில்லை.

லீசிங் கொம்பனியில் வேலை செய்கிற ஜெயரூபன்தான்
எங்களுக்குக் கோச்.
தவணை கட்டாத மோட்டார்சைக்கிளைத் துரத்திப் பிடிக்கிறவன்
போன வருசம் சொன்னான்: ஆளைப் பிடியுங்கோ.
பிடித்தோம். ஆள் நழுவினான்.
இந்த வருசம் சொன்னான்:
ஆளை விடுங்கோ, இடத்தைப் பிடியுங்கோ.
சுண்ணாம்புத் தூளால் ஆறு பெட்டி கீறி
ஆளுக்கொன்று பிரித்துத் தந்தான்.
"காணி சரி, பெர்மிற் எங்கை?"
என்றான் குகதீசன்.
சிரித்துச் சிரித்து அன்றைய பயிற்சியே போச்சு.

ஞாயிறு பந்து வந்து
சரியாய் இரண்டு பெட்டிக்கு நடுவில் விழுந்தது.
ஒரு முழ எல்லைக்கு
பொலிஸ்வரை போகிற ஊரில்
எல்லையில் விழுந்த பந்தை
ஒருத்தனும் தன்னுடையது என்று கேட்கவில்லை.

தவயோகனைப் பற்றியும் சொல்லவேணும்.
ஆறடி ஓர் அங்குலம்.
பாக்கிறவன் சொல்வான், இவன் நிற்க
எப்படிக் கோணரில் கோல் போகும் என்று.
பந்து வானத்தில் எழும்பினால்
தவயோகன் குனிவான்.
கண் இறுகும், இரண்டு கையும் பிடரிக்குப் போகும்.
ஆறு வயதில் மாத்தளனில்
பழகின பயிற்சி அது.
கழுத்து இன்னும் மறக்கவில்லை.
அதை நாங்கள் கதைப்பதில்லை.
"தலையைக் குடடா" என்று மட்டும்
எல்லோரும் சேர்ந்து கத்துவோம்.

முள்ளியவளையில் இறுதி ஆட்டம்.
ஒன்றுக்குப் பூச்சியம், நாங்கள் முன்னால்.
எண்பத்தெட்டாவது நிமிடம், அவர்களுக்குக் கோணர்.
கச்சானும் அவர்கள் பக்கம்.
நான் கம்பத்தைப் பிடித்தேன்.
டெனிஸ்ரன் "என்ர" என்றான், பிறகு வாயை மூடினான்.
பந்து எழும்பி, வெயிலுக்குள் மறைந்து,
திரும்ப வந்தது.

தவயோகன் நிமிர்ந்து நின்றான்.
கண் திறந்திருந்ததை நான் கண்டேன்,
மூன்று யார் தூரம், பொய் சொல்லவில்லை.
நெற்றியில் பட்ட சத்தம்
தேங்காய் விழுந்ததுபோல்.
பந்து எங்கள் கம்பத்துக்கு மேலால்,
வலைக்கு மேலால்,
பின்னால் நின்ற லான்ட்மாஸ்ரரின்
பெட்டிக்குள் போய் விழுந்தது.

பதினொரு பேரும் அவன்மேல் ஏறினோம்.
ஜெயரூபன் கோட்டுக்குள்ளேயே ஓடிவந்தான்.
றெபரி மணிக்கூட்டைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
மூலையைக் காட்டினார்.

இன்னொரு கோணர்.